இருந்த மருந்தை இல்லை என்றேன்

சென்ற மாதம் புது மருத்துவர்களான உங்கள் பயிற்சி வகுப்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். மலையில் வேலை பார்த்த அனுபவங்களைச் சொன்னேன். ஓடை வெள்ளத்தில் ஜீப் நின்றுபோனது, டார்ச் வெளிச்சத்தில் பிரசவம் பார்த்தது என்று, நான் நல்லவனாகத் தெரியும் கதைகளாகப் பார்த்துச் சொன்னேன். நீங்களும் கைதட்டினீர்கள். கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "மலையில பெரிய கஷ்டம்னா எது சார்?" என்று கேட்டார். "போக்குவரத்தும்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பதில் உறுத்தியது. பெரிய கஷ்டம் பற்றாக்குறைதான். ஆனால் பற்றாக்குறையைவிட, அதைப் பங்கு போடும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆள்தான் அங்கே பல சமயம் கஷ்டமாகிவிடுகிறான். அந்த நாற்காலியில் நான் பல வருடம் இருந்தேன். உங்களில் சிலர் சீக்கிரமே அதில் உட்காரப் போகிறீர்கள். அதனால் வகுப்பில் சொல்லாமல் விட்டதை எழுதி அனுப்புகிறேன்.

ஜவ்வாது மலையில் எந்தப் பக்கம் என்று எழுதப் போவதில்லை. இன்றும் அங்கே நல்லவர்கள் வேலை பார்க்கிறார்கள். நான் செய்ததற்கு அவர்கள் பெயர் கெடக் கூடாது. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

மலைமேல் ஒரு பெரிய சுகாதார நிலையம். அதன்கீழ் தூரத்துக் கிராமங்களில் சில சிறிய நிலையங்கள். எல்லாவற்றையும் சேர்த்து வட்டாரத்துக்குப் பொறுப்பு மருத்துவர் நான். எனக்கு மேலே, சமவெளியில், மாவட்டத் துணை இயக்குநர். எனக்குக் கீழே சிறிய நிலையங்களின் மருத்துவர்கள். மருந்து, வண்டி, டீசல், மாற்று ஆள் எல்லாமே மேலேயிருந்து என் கை வழியாகத்தான் கீழே போக வேண்டும். எதுவும் எப்போதும் போதாது.

அப்படிப்பட்ட இடத்தில் நடுவில் இருப்பவனுக்கு ஒரு விசித்திரமான அதிகாரம் வந்துவிடும். அவன் எதையும் உண்டாக்க முடியாது. ஆனால் எதையும் தாமதப்படுத்தலாம். புதன்கிழமை ஜீப் வேண்டும் என்று ஒருவர் கேட்டால் நான் மறுத்ததே கிடையாது. "பாக்கலாம்" என்பேன். அவ்வளவுதான். அவர் செவ்வாய்க்கிழமை மாலை என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பார். என் மகளின் படிப்பைப் பற்றி விசாரிப்பார். போன வாரம் யார் யாரைப் பற்றி என்ன பேசினார்கள் என்று தானாகவே சொல்லுவார். ஜீப் கிடைத்ததும் அது என் தயவு என்று நினைப்பார். அரசாங்க ஜீப், அரசாங்க டீசல். ஆனால் நன்றி மட்டும் எனக்கு வரும். வருடக்கணக்கில் அதைக் குடித்து வளர்ந்தவன் நான்.

இப்போது பாம்புக்கடி மருந்துக்கு வருகிறேன்.

நான் மலைக்குப் போன புதிதில், மாதக் கூட்டத்தில் கையிருப்பு கேட்டார்கள். இருந்ததை அப்படியே சொன்னேன். சமவெளியில் ஒரு நிலையத்தில் தீர்ந்துவிட்டது என்று, மறுநாளே ஆள் வந்து என்னுடையதில் பெரும்பகுதியை எடுத்துப் போய்விட்டார். அடுத்த வாரம் விறகு வெட்டப் போன ஒருவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். கொடுக்க மருந்து போதவில்லை. ஜீப்பில் படுக்கவைத்து மலை இறக்கினோம். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த வளைவுகளில் நான் பட்ட பயம் எனக்குள் தங்கிவிட்டது. அப்போது எனக்கு மூத்தவராக இருந்த ஒரு மருத்துவர், நல்ல கைராசிக்காரர், தோளில் தட்டிச் சொன்னார்: "உண்மையச் சொன்னா இப்படித்தான்பா. கூட்டத்துல எப்பவும் இல்லன்னு சொல்லு. அடியில கொஞ்சம் போட்டு வை."

மூத்தவர்கள் சொல்வதில் தவறானவையும் உண்டு. அவற்றைத்தான் நாம் சீக்கிரம் கற்றுக்கொள்கிறோம்.

அன்றிலிருந்து நான் அடியில் போட்டு வைத்தேன். மருந்தகத்தில் பூட்டுப் போட்ட பழைய பிரிட்ஜ் ஒன்று இருந்தது. அதன் காய்கறித் தட்டில், ஐஸ் பைகளுக்குக் கீழே, கணக்கில் வராத குப்பிகள் எப்போதும் இருக்கும். சாவி என் சட்டைப் பையில். எனக்கும் மருந்தாளுநர் முனிரத்தினத்துக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதேபோல அடிவாரத்து வட்டாரத்துக்காரரிடமும் இருந்தது, பக்கத்து வட்டாரத்திலும் இருந்தது. மாதாமாதம் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து "ஸ்டாக் இல்ல சார்" என்போம். அடுத்தவர் பிரிட்ஜைப் பற்றிக் கேட்பதில்லை என்பது எங்களுக்குள் எழுதாத ஒரு மரியாதை.

இதுவரை சொன்னதைப் பயத்தில் செய்தேன் என்று நீங்கள் மன்னிக்கலாம். இனிமேல் சொல்வதற்கு அந்தச் சாக்கு இல்லை.

மலையின் கோடியில் இருந்த சிறிய நிலையத்துக்கு சபீனா என்ற இளம் மருத்துவர் வந்தார். வாணியம்பாடிப் பெண். தோல் வியாபாரக் குடும்பம். ஊரில் நல்ல வசதி. ஒரு வருடம்கூட நிற்க மாட்டார் என்று நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டோம். நின்றார். நிலையத்தை ஒட்டிய குவார்ட்டர்ஸிலேயே தங்கினார். மலை ஜனங்கள் "பாப்பா டாக்டரு" என்று தேடி வர ஆரம்பித்தார்கள்.

ஒரு மாதம் நான் விடுப்பில் இருந்ததால் கூட்டத்துக்கு அவரை அனுப்பினேன். துணை இயக்குநர் சாதாரணமாக, "மலையில எல்லாம் ஒழுங்கா போய்ச் சேருதாம்மா?" என்று கேட்டிருக்கிறார். எங்களைப் போன்றவர்கள் அதற்கு "ஆமா சார்" என்போம். அவர், "மேல இருந்து வட்டாரத்துக்கு வருது சார். வட்டாரத்துல இருந்து எங்களுக்கு வர்றதில்ல" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். துணை இயக்குநர் அன்றைக்கே என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, நான் அதுவரை கேட்டிராத குரலில் பேசினார்.

சபீனாவிடம் நான் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அவருடைய இரண்டாவது செவிலியரை மாற்றுப்பணியில் என் நிலையத்துக்கு எடுத்துக்கொண்டேன். அவருக்குப் புதன்கிழமை ஜீப் "பாக்கலாம்" ஆனது. மழைக்காலத்துக்கு முன்னால் அவர் நேரில் வந்து என் மேஜைக்கு முன் நின்றார்.

"சார், மழை வந்தா எங்க ரோடு கட்டாயிடும். பாம்புக்கடி மருந்து கொஞ்சம் குடுத்து வைங்க. வீடெல்லாம் மண் தரைங்க, எல்லாரும் கீழதான் படுக்கிறாங்க."

"எங்களுக்கே இல்லியேம்மா."

"ஒன்னுமே இல்லியா சார்?"

"இருந்தா குடுக்க மாட்டேனா? மேல கேட்டுப் பாருங்க. உங்களுக்குத்தான் மேல நல்ல பழக்கமாச்சே."

அவர் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். சாவி அப்போது என் நெஞ்சுக்கு மேலேதான் இருந்தது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மழை வந்தது. அந்த மாதக் கூட்டத்துக்கு நான் ஜீப்பில் இறங்கிப் போனேன். துணை இயக்குநர் கையில் புதிதாக வந்த மருந்து கொஞ்சம் இருந்தது. யாருக்கு என்பதுதான் கேள்வி. வழக்கம்போல எல்லோரும் எழுந்து இல்லை என்றோம். கடைசியில் போட்டி எனக்கும் அடிவாரத்து வட்டாரத்தின் தேவராஜுலுவுக்கும் என்று வந்து நின்றது. தேவராஜுலு என் வயதுக்காரர், எதிலும் கிண்டல் விடாதவர்.

நான் எழுந்து உருக்கமாகப் பேசினேன். "மலையில ஒரு குப்பிகூட இல்ல சார். இன்னைக்கே ஒருத்தரத் தூக்கிட்டு வந்தா, நான் கையைத்தான் விரிக்கணும்."

"ஆரம்பிச்சிட்டாரு மலைக்காரரு" என்றார் தேவராஜுலு. "மாசாமாசம் இந்த அழுகை. கர்ச்சீஃப் யாராவது குடுங்கப்பா."

"நீங்க மலையில ஒரு வாரம் இருந்து பாருங்க."

"இருப்பேன். உங்க பிரிட்ஜு பக்கத்துலயே பாய் போட்டுப் படுத்துக்கிறேன். குளுகுளுன்னு இருக்கும்."

அறை சிரித்தது. துணை இயக்குநரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, மலைக்கே குடுத்துடலாம்" என்றார். நான் ஜெயித்த மாதிரி உட்கார்ந்து டீயை எடுத்தேன். டம்ளர் வாய்க்குப் போவதற்குள் தொலைபேசி அதிர்ந்தது. சபீனா.

"சார், கட்டுவிரியன். செல்வின்னு ஒரு பொம்பள, சின்ன வயசு. ராத்திரி தூக்கத்துல கடிச்சது தெரியல. வயித்து வலின்னு காலையில வந்தாங்க. இப்ப இமை எறங்குது, பேச்சு குழறுது. மூச்சு போயிட்டே இருக்கு சார்."

"ஆம்புலன்ஸ்..."

"வராது. ரோட்டுல மரம் சாஞ்சு கெடக்குது, மண்ணும் சரிஞ்சிருக்குது. பைக்க வேணும்னா தூக்கிக் கடத்தலாம், வண்டி வராது. எனக்கு மருந்து வேணும். உங்ககிட்ட இருக்கா இல்லியா, அதை மட்டும் சொல்லுங்க."

பக்கத்தில் துணை இயக்குநரின் உதவியாளர் என் பெயருக்கு நேராகப் புது மருந்தை எழுதிக்கொண்டிருந்தார். எதிரே தேவராஜுலு.

"பாத்துட்டுக் கூப்பிடுறேம்மா" என்றேன்.

"பாக்குறதுக்கு இன்னா சார் இருக்குது?" என்று கத்தினார். இணைப்பு அறுந்தது.

எழுந்து வராந்தாவுக்கு வந்தேன். நான் எழுத உட்கார்ந்தது அந்த வராந்தாவைப் பற்றித்தான். எவ்வளவு நேரம் நின்றேன் என்று இப்போது சொல்ல முடியாது. ஆனால் அந்த நேரத்தில் நான் செல்வியைப் பற்றி யோசிக்கவில்லை. மருந்து போகவும் வேண்டும், என்னிடம் இருந்தது யாருக்கும் தெரியவும் கூடாது. இந்த இரண்டையும் சேர்க்கும் வழி ஒன்று இருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தேன். ஓய்வுக்குக் கொஞ்ச காலமே இருந்தது. விசாரணை வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். சபீனா ஜெயித்துவிடுவாளே என்றுகூட யோசித்தேன்.

முனிரத்தினத்தைக் கூப்பிட்டேன். அடியில் இருப்பதை எடுத்துக்கொண்டு பைக்கில் கிளம்பச் சொன்னேன். வெளியிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளச் சொன்னேன்.

"சார், சாவி உங்க பாக்கெட்ல இல்ல இருக்குது?"

கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. இருந்தது.

"பூட்ட ஒடைங்க."

"ஒடைச்சிடலாம் சார். நாளைக்கு எதுக்குய்யா ஒடைச்சேன்னு கேட்டா நான் இன்னா சொல்றது? உள்ள இருந்தது எங்க இருந்து வந்துச்சும்பாங்க. எம்பேர்ல கட்டிடுவீங்க சார். பொண்ணு கல்யாணம் வச்சிருக்கேன்."

எனக்குக் கோபம் வந்தது. பிறகு அது நின்றுவிட்டது. நான் அவரிடம் கேட்டதும், அவர் என்னிடம் கேட்டதும் ஒன்றேதான்: என் தலையில் விழாமல் இது நடக்குமா? இந்தப் பாடத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

"நான் ஒடைக்கச் சொன்னேன்னு சொல்லுங்க முனிரத்தினம். எல்லார்கிட்டயும் சொல்லுங்க. நானும் இப்ப உள்ள போய்ச் சொல்லப்போறேன்."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு விடும் சத்தம். "அப்ப சரிங்க சார். ஒடைச்சிட்டேன்னு வச்சுக்குங்க. ஆனா ஒன்னு. மலையைச் சுத்திக்கினு போவணும், மழை கொட்டுது. நான் போய்ச் சேர்றதுக்குள்ள அந்தம்மா தாங்குமா?"

தாங்காது என்று எனக்குத் தெரியும். என் நிலையத்திலிருந்து சபீனாவின் நிலையத்துக்கு மலைமேல் சுற்றுவழி. எனக்கு எழுதிய புது மருந்தோ மாவட்டக் கிடங்கில், அதைவிடத் தூரம். அடிவாரத்திலிருந்துதான் கிட்டம். அடிவாரம் தேவராஜுலுவின் வட்டாரம். அவரிடம் இருக்கிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், என்னிடம் இருப்பது அவருக்குத் தெரிந்தது போல. ஆனால் "உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். அந்த அறையில் வேறு பதில் சொல்லிப் பழக்கமில்லை. அவர் வாயிலிருந்து "இருக்கு" வர வேண்டுமானால், முதலில் என் வாயிலிருந்து அது வர வேண்டும்.

இதை நான் நல்ல மனத்தால் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். மற்ற வழிகளெல்லாம் அடைபட்டதால் வந்து நின்ற இடம் அது.

உள்ளே போனேன். துணை இயக்குநர் கொசு ஒழிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு நிமிஷம்."

"என்னாங்க, இன்னும் வேணுமா?"

"குடுத்துடுங்க சார், இல்லன்னா கீழ விழுந்து பொரளுவாரு" என்றார் தேவராஜுலு.

"என்கிட்ட பாம்புக்கடி மருந்து இருக்கு சார்" என்றேன். "இல்லன்னு சொன்னது பொய். எப்பவுமே இருந்துச்சு. ஒளிச்சு வச்சிருந்தேன். மழைக்கு முன்னாடி சபீனா டாக்டர் கேட்டாங்க. அவங்ககிட்டயும் இல்லன்னேன். இப்ப அவங்ககிட்ட கட்டுவிரியன் கடிச்ச பொம்பள ஒருத்தங்களுக்கு மூச்சு நின்னுக்கிட்டு இருக்கு. என்னுது அனுப்பச் சொல்லிட்டேன். போய்ச் சேர நேரமாவும். அடிவாரத்துல யார்கிட்டயாவது இருந்தா இப்பச் சொல்லுங்க. நான் சொல்லிட்டேன். இனி யார் சொன்னாலும் ரெண்டாவது ஆளுதான்."

நான் தேவராஜுலுவைத்தான் பார்த்தேன். அவர் தன் டீ டம்ளரைப் பார்த்தார். அதைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"எவ்ளோ வேணும்?" என்றார்.

துணை இயக்குநர் அவர் பக்கம் திரும்பினார். "நீங்களுமா?"

"அப்புறம் திட்டுங்க சார்" என்றபடியே தேவராஜுலு தொலைபேசியைக் காதில் வைத்திருந்தார். "டேய், பீரோ பின்னாடி பழைய போஸ்டர் கட்டு இருக்குது பாரு. அதுக்குப் பின்னாடி தெர்மாகோல் பெட்டி. ஆமாண்டா, அதுதான். அது உனக்கு எப்படிடா தெரியும்? சரி, வுடு. எடுத்துக்கினு பைக்ல மலைக்குக் கிளம்பு. மரம் சாஞ்ச எடத்துல பைக்க இந்தாண்டை போட்டுட்டு நடந்து போ. அந்தாண்டை ஆள் நிப்பாங்க."

பின்வரிசையில் யாரோ மெதுவாக, "எங்ககிட்டயும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். துணை இயக்குநர் கையைத் தூக்கினார். "போதும். ஒன்னொன்னா கேட்டா எனக்கு மயக்கம் வந்துடும்."

யாரும் சிரிக்கவில்லை.

நான் சபீனாவைக் கூப்பிட்டேன். தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னலில் வைத்திருந்தார் போலிருந்தது. செவிலியர் எண்ண எண்ண, மூச்சு கொடுக்கும் காற்றுப் பையை யாரோ அழுத்தும் சத்தம் கேட்டது. மூச்சு தானாக நின்றுவிட்டது, கையால்தான் ஓடுகிறது. இரண்டாவது செவிலியர் இருந்திருந்தால் மாற்றி மாற்றி அழுத்தியிருக்கலாம். அவரை நான்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது செல்வியின் கணவன் காளிக்குச் சொல்லிக்கொடுத்து, அவனை அழுத்த வைத்திருந்தார்கள்.

"கீழ இருந்து மருந்து வருதும்மா. மரத்துகிட்ட ஆள் அனுப்புங்க."

"வருதா, இல்ல, பாக்கலாமா?" என்றார் சபீனா.

"வருது."

அதற்குப் பிறகு நாங்கள் செய்ய ஒன்றுமில்லை. கூட்டம் கலையவில்லை, நடக்கவும் இல்லை. ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். தேவராஜுலு மட்டும் வாசலுக்கும் நாற்காலிக்கும் நடந்தார். நடுவில் ஒருமுறை என் பக்கத்தில் வந்து, "காய்கறித் தட்டாமே? நல்ல எடம். எனக்குத் தோணல" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

தேவராஜுலு அனுப்பிய பையன் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மரத்தைத் தாண்டினான் என்று செய்தி வந்தது. பிறகு மருந்து ஏறுகிறது என்று வந்தது. பிறகு நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. மாலையில் மழை விட்டது. ஊர்க்காரர்கள் செல்வியைக் கட்டிலில் தூக்கி, காற்றுப் பையை அழுத்திக்கொண்டே மரத்தைக் கடத்தி, அந்தப் பக்கம் நின்ற ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். முனிரத்தினம் நனைந்து போய்ச் சேர்ந்தபோது வேலை முடிந்திருந்தது. "ஒடைச்ச பூட்டு வேஸ்ட்டா போச்சு சார்" என்றார். அழுதுவிடுவேன் என்று பயந்து தொலைபேசியை வைத்துவிட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சுக் கருவி வைத்தார்கள். சில நாள் கழித்து அவள் விரலை அசைத்தாள்.

துணை இயக்குநர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திட்டுவார் என்று போனேன். திட்டத்தான் ஆரம்பித்தார். நடுவில் நிறுத்திவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டார்: "இருக்குன்னு உண்மையச் சொன்ன ஆளுக்கு நான் என்னைக்காவது நல்லது பண்ணியிருக்கேனா? அவர்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்?" அவரும் நடுவில் இருந்தவர்தான். அவருக்கு மேலேயும் ஒருவர் "பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் கேள்வியை மாற்றினார். யாரிடம் இல்லை என்று கேட்பதை விட்டு, எந்த ஊருக்கு எது கிட்டம் என்று கேட்க ஆரம்பித்தார். உண்மையைச் சொன்னவரிடமிருந்து பிடுங்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். பெரும்பாலும் காப்பாற்றினார். நாங்களும் பெரும்பாலும் உண்மை சொன்னோம். "பெரும்பாலும்" என்பதை அழுத்திப் படியுங்கள். அடுத்த மாதமே டீசல் விஷயத்தில் என் நாக்கு பழைய வழியில் போகப் பார்த்தது. பயமும் பழக்கமும் ஒரு நாளில் போவதில்லை.

மறுவாரம் ரோடு திறந்ததும் சபீனாவைப் பார்க்கப் போனேன். இரண்டாவது செவிலியரையும் ஜீப்பில் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டத்தில் நடந்ததை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. போட்ட மருந்து தேவராஜுலு கொடுத்தது, பிறகு முனிரத்தினம் கொண்டுவந்தது என்னுடையது என்று மட்டும் தெரிந்திருந்தது; அது மழைக்கு முன்பே இருந்ததா என்று அவர் கேட்கவில்லை. நான் பேசாமல் இருந்திருக்கலாம்.

"மழைக்கு முன்னாடி நீங்க கேட்டப்பவே என்கிட்ட இருந்துச்சும்மா."

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் ஏன் ஒன்னும் சொல்லாம போனீங்க?"

"சொன்னா குடுத்திருப்பீங்களா?" நோயாளிச் சீட்டில் எழுதிக்கொண்டே பேசினார். "என்மேல கோவம்னா என் லீவ வெட்டியிருக்கலாம் சார். இன்கிரிமென்ட நிறுத்தியிருக்கலாம். எத்தனையோ வழி இருக்குது. அந்தப் பொம்பளைக்கும் உங்களுக்கும் என்னா சார் சண்டை?"

அவர் எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து, "சிஸ்டர இங்கயே வுட்டுட்டுப் போறீங்களா, இல்ல காட்டிட்டுக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டார். விட்டுவிட்டுப் போகிறேன் என்றேன். அப்போதுதான் எனக்கு டீ சொன்னார்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான் என்று முதலில் நினைத்தேன். எழுதும்போது இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது.

நம் தவற்றை மேலதிகாரியிடம் ஒப்புக்கொள்வது ஒரு விதத்தில் சுலபம். அவர் என்ன செய்வார் என்று தெரியும். உடன் வேலை செய்பவரிடம் சொல்வது அதைவிடக் கஷ்டம். யாருக்குத் தவறு செய்தோமோ அவரிடம் போய்ச் சொல்வதை நம் வேலையில் யாரும் செய்வதில்லை. சட்டப்படி ஆபத்து என்பார்கள். எனக்கும் சொன்னார்கள். ஆனால் அந்த வராந்தாவில் என் மனத்துக்கு வராமல் போனவள் அவள்தான். ஒருமுறையாவது அவள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூச்சுக் கருவியை எடுத்துவிட்டுப் பொது வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். செல்வி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குரல் கரகரத்தது. காளி கீழே பாயில் இருந்தான். மலையிலிருந்து பெரிய டாக்டர் வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றான். இருவரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

"கும்பிடாதீங்க" என்றேன். "உங்களுக்குப் போட்ட மருந்து என்கிட்டயும் இருந்துச்சு. உங்க ஊரு டாக்டரம்மா முன்னாடியே கேட்டாங்க. நான் இல்லன்னு சொல்லிட்டேன். அன்னைக்குக் காலையிலகூட உடனே சொல்லாம நேரத்த ஓட்டினேன். நான் குடுத்திருந்தா உங்களுக்கு மூச்சு நின்னிருக்காது."

காளிக்குப் புரிய ஒரு கணம் ஆனது. "அப்போ நான் அந்தப் பைய அமுக்கிக்கினு இருந்தேனே" என்றான். "கை வுட்டுப்போச்சு சார் எனக்கு. மரத்தாண்ட வரிக்கும் அமுக்கினேன். நிறுத்துனா செத்துடுவான்னு சொன்னாங்க. அதெல்லாம் உங்களாலதானா?"

"என்னாலதான்."

அவன் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் முஷ்டி மூடி மூடித் திறந்தது. வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வுடுய்யா" என்றாள் செல்வி. "இன்னாத்துக்கு இப்ப அத்தப் பேசிக்கினு? அவருதான் வந்து சொல்றாரு இல்ல." பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, மன்னிப்பு இருந்ததா என்று தேடினேன். இரண்டும் இல்லை. அவளுக்கு வேறு அவசரம் இருந்தது. "சார், என்ன வூட்டுக்கு எப்ப அனுப்புவாங்க? இவரு போய்க் கேட்டா யாரும் மதிக்க மாட்டேங்கிறாங்க. அறுப்பு கெடக்குது. சாமை சாஞ்சிடும். கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

வார்டு மருத்துவரின் அறை வாசலில் கூட்டம் நின்றது. நான் யார் என்று சொல்லி உள்ளே போயிருக்கலாம். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இருந்தவர், "உள்ள யாரு சார், உங்க பொண்ணா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். என் முறை வந்தபோது உள்ளே இருந்த இளம் மருத்துவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்காங்க. நாளைக்குக் காலையில கூட்டிட்டுப் போகலாம்" என்றார். அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்து சொன்னேன்.

"நாளைக்கா?" என்றாள் செல்வி. காளி இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் பாயிலிருந்து எழுந்துவிட்டான். "போளூர் போயி பஸ் மாறினா மத்தியானத்துக்குள்ள ஏறிடலாம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"வெயில் வந்துடுச்சாய்யா அங்க?"

"வந்துடுச்சாம்."

அவள் காலைக் கீழே போட்டு, கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து நின்றாள். போவதற்கு இன்னும் ஒரு பகலும் ஒரு இரவும் இருந்தது. அப்போதே போர்வையை உதறி மடிக்க ஆரம்பித்தாள்.